குறியீடு பொது, கையேடு தனி: பழைய கார் எண் விவரங்களைப் பகிரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய கார்களின் அடையாள எண்களைத் தொகுப்பவர்களிடம் பதிப்புரிமை விஷயத்தில் ஒரு விசித்திரம் உண்டு. பயப்படத் தேவையில்லாத இடத்தில் தயங்குவார்கள். தயங்க வேண்டிய இடத்தில் முழுப் புத்தகத்தையும் ஸ்கேன் செய்து ஏற்றிவிடுவார்கள்.

தேவையற்ற பயத்தை முதலில் பார்த்துவிடுவோம். 17 இலக்க வாகன அடையாள எண் அமெரிக்காவில் 1981 மாடல்களிலிருந்துதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு எண் போட்டது. ஃபோர்டு மஸ்டாங் காரின் முதல் அடையாள எண் 5எஃப்08எஃப்100001. இதில் 5 என்பது 1965 மாடல். முதல் எஃப் டியர்பார்ன் தொழிற்சாலை. 08 மடக்குக் கூரை. அடுத்த எஃப் 260 கன அங்குல வி8 எஞ்சின். மிச்சம் வரிசை எண். ஒரே எழுத்துக்கு இடத்தைப் பொறுத்து இரண்டு பொருள். இதையெல்லாம் யாரோ ஒருவர் பல ஆண்டுகள் துருவித் தேடித் தொகுத்திருக்கலாம். அதற்காக அந்தப் பொருள் அவருக்குச் சொந்தமாகிவிடாது. தகவலுக்குப் பதிப்புரிமை கிடையாது.

1991-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஃபைஸ்ட் வழக்கில் இதை உறுதி செய்தது. ஒரு தொலைபேசி நிறுவனத்தின் பெயர்ப் பட்டியலிலிருந்து இன்னொரு நிறுவனம் பதிவுகளை எடுத்துக்கொண்டது. திருட்டைப் பிடிக்க முதல் நிறுவனம் செருகி வைத்திருந்த நான்கு போலிப் பதிவுகளும் கூடவே வந்துவிட்டன. கையும் களவுமாகப் பிடிபட்டும், வென்றது நகலெடுத்தவர்தான். பட்டியலில் பொய் எண்ணைப் பொதித்து வைத்தால் உரிமை வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இதை ஒருமுறை படிக்க வேண்டும். நகலெடுத்ததை நிரூபிப்பது வேறு, உரிமையை நிரூபிப்பது வேறு. போதாக்குறைக்கு, அந்தப் பொய் எண்ணை நம்பி யாராவது ஒரு காரை வாங்கித் தொலைப்பார். 2005-இல், கியர்பாக்ஸ் உதிரிபாகங்களின் எண்களுக்கு உரிமை கோரிய ஒரு நிறுவனமும் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது.

ஆனால் இதைப் படித்த உற்சாகத்தில், கையேடே பொதுச் சொத்து என்று தாவுவதுதான் அடுத்த தவறு. ‘எஃப் என்றால் டியர்பார்ன்’ என்பது எல்லோருக்கும் உரியது. எண் பொறித்த எந்தத் தகட்டில் எழுத்தின் வடிவம் எப்படி மாறியது, எதைக் கண்டால் சந்தேகப்பட வேண்டும் என்று ஆசிரியர் எழுதிய பத்தி அவருடையது. அவர் வரைந்த படமும் அவருடையது. எதைச் சேர்ப்பது, எதை விடுவது, எப்படி அடுக்குவது என்பதில் அவருடைய தேர்வு தெரிந்தால் அந்த அமைப்புக்கும் உரிமை உண்டு. வெறும் எண்வரிசை அடுக்குக்குக் கிடையாது. மதிப்பீடுகளில் கூடுதல் கவனம் தேவை: நாணயங்களின் விலை மதிப்பீடுகள் ஆசிரியரின் சொந்தத் தீர்மானம் என்பதால் அவற்றுக்குப் பாதுகாப்பு உண்டு என்று 1999-இல் ஓர் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ‘இந்த வகையில் இத்தனை கார்களே மிஞ்சியிருக்கும்’ என்ற நிபுணரின் கணிப்புக்கும் அதே வாதம் எழலாம்.

‘அச்சில் இல்லை, நிறுவனமே மூடிவிட்டது, யார் கேட்கப் போகிறார்கள்?’ என்பது இந்த வட்டாரத்தின் செல்லப் பல்லவி. நிறுவனம் மூடினாலும் உரிமை ஆவியாவதில்லை. சொத்துகளை வாங்கியவரிடம் போய்ச் சேரும். பார்க்க வேண்டியது ஆண்டு. அமெரிக்காவில் 1963 வரை வெளியானவற்றுக்கு 28-ஆம் ஆண்டில் உரிமையைப் புதுப்பித்திருக்க வேண்டும். தவறியிருந்தால் அது போய்விட்டது. 1964 முதல் 1977 வரை உரிமை அறிவிப்புடன் வெளியானவற்றுக்கு 95 ஆண்டுகள். எனவே 1962-இன் பட்டறைக் கையேடு இன்று யாரும் பகிரக்கூடியதாக இருக்கலாம். 1966-இன் கையேட்டில் உரிமை அறிவிப்பு அச்சாகியிருந்தால் அந்த வழி அடைபட்டது. இந்தக் கணக்கை பிரிட்டிஷ், இத்தாலிய கார்களின் கையேடுகளுக்குப் போட்டுப் பார்த்து ஏமாற வேண்டாம். அப்படிப்பட்ட வெளிநாட்டுப் படைப்புகள் பலவற்றுக்கு 1996-இல் அமெரிக்கா உரிமையைத் திருப்பிக் கொடுத்தது.

ஐரோப்பாவில் இன்னொரு கண்ணி இருக்கிறது. தரவைத் திரட்டச் செய்த கணிசமான முதலீட்டுக்கே அங்கே 15 ஆண்டுப் பாதுகாப்பு உண்டு. 1996-இன் தரவுத்தள நெறிமுறை தந்தது அது. ஒரு கார் ஆர்வலர் கிளப் அங்கே பராமரிக்கும் பதிவேட்டிலிருந்து சில எண்களைச் சரிபார்ப்பது ஒன்று. மொத்தமாக இறக்கி உங்கள் பட்டியலாக்குவது வேறு. அமெரிக்க வழக்கைக் காட்டி அங்கே தப்ப முடியாது.

‘நன்றி: இன்னார்’ என்று போட்டால் போதும் என்பவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. நன்றி சொல்வது மரியாதை, அனுமதி ஆகாது. காசு வாங்காமல் பகிர்வதும் தானாக அனுமதி ஆகிவிடாது. அனுமதி வேண்டுமென்றால் உரிமை வைத்திருப்பவருக்கு எழுதிக் கேளுங்கள்.

தகட்டுப் புகைப்படங்களிலும் இதே குழப்பம். தகட்டில் பொறித்த எண்ணுக்கு உரிமை இல்லை. எடுத்த படம் பொதுவாகப் படமெடுத்தவருடையது. விற்பனை விளம்பரத்திலிருந்து படத்தைச் சுட்டு ஒட்டுவதை விட, எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு, எந்தக் காரின் எந்தத் தகட்டில் கண்டது என்று பக்கத்தில் எழுதிவையுங்கள். பட்டியலின் நம்பகத்தன்மையும் கூடும். வெளியிடும்போது கடைசி இலக்கங்களை மறைக்கச் சிலர் சொல்வது பதிப்புரிமைக்காக அல்ல. வேறொரு காரில் போலித் தகடு அடிக்கிறவர்களைத் தடுக்க.