பவுன்ஸ் பெட்டி அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விளம்பர மெயில் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம், பவுன்ஸுக்கு, அதாவது போய்ச் சேராமல் திரும்பி வரும் மடல்களுக்கு, ஒரு பெட்டி அமைக்கச் சொன்னால் சட்டென்று முடித்துவிடுகிறார்கள். பெட்டியைத் திறந்து படிக்கும் ஐமேப் சர்வர், போர்ட் 993, கடவுச்சொல். சோதனையில் பச்சை டிக் விழுந்ததும் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார்கள். போர்ட் எண்ணைத் தப்பாகப் போட்டால் அது உடனே கத்திவிடும், அதை விடுங்கள். சத்தமே இல்லாமல் கெடுக்கும் சிலவற்றைச் சொல்கிறேன்.

ஃப்ரம் முகவரிக்கு பவுன்ஸ் வரும் என்று காத்திருப்பது

வாசகர் கண்ணில் படும் ஃப்ரம் வேறு, சர்வர்கள் தங்களுக்குள் பார்த்துக்கொள்ளும் ரிட்டர்ன்-பாத் வேறு. போய்ச் சேராத மெயில் ரிட்டர்ன்-பாத்துக்குத்தான் திரும்பும். அனுப்பும் சர்வருக்கு அனுமதி உண்டா என்று பார்க்கும் எஸ்பிஎஃப் சோதனையும் அந்த டொமைனை வைத்துத்தான் நடக்கும்.

அலுவலகத்தின் பொதுப் பெட்டியையே கொடுத்துவிடுவது

தொடர்புப் பட்டியலையும் மெயிலையும் நிர்வகிக்கும் சிவிசிஆர்எம் போன்ற மென்பொருள், பெட்டியில் இருப்பதை எல்லாம் எடுத்துப் படிக்கும். பவுன்ஸ் இல்லாதவற்றை ‘இக்னோர்டு’ ஃபோல்டருக்குத் தள்ளிவிடும். விலை கேட்டு எழுதியவரின் கடிதமும் அங்கே போய் உட்கார்ந்திருக்கும். ஐமேப்புக்குப் பதில், மடலை இறக்கிக்கொள்ளும் பழைய பாப்3 வழியாக இணைத்திருந்தால் அதுவும் கிடையாது, அழிந்தே போகும். தனிப் பெட்டி, அதற்கு மட்டும்.

ஆட்டோ-ரிப்ளை

போடாதீர்கள்.

பவுன்ஸின் பிழை எண் 5-இல் தொடங்கினால் முகவரி செத்துவிட்டது என்று முடிவுகட்டுவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான். 4 என்றால் தற்காலிகம், 5 என்றால் நிரந்தரம் என்று படித்துவிட்டு, 5 வந்தால் பட்டியலிலிருந்து தூக்கு என்று ஸ்கிரிப்ட் எழுதிவிடுகிறார்கள். நிரந்தரம் என்பது அந்த மடலைப் பற்றிய தீர்ப்பு. முகவரி இருக்கிறதா இல்லையா என்பதற்கு அடுத்த எண்களைப் பார்க்க வேண்டும். 5.1.1 என்றால் அப்படி ஒரு ஆளே இல்லை. 5.2.2 என்றால் பெட்டி நிரம்பியிருக்கிறது. 5.7 என்று தொடங்கினால் சிக்கல் பெரும்பாலும் அனுப்பிய நம்மிடம்.

ஒரு ஜவுளிக் கடையில் நடந்தது. இணையதளத்தை வேறு ஹோஸ்டிங்குக்கு மாற்றிய யாரோ, டொமைனின் விவரப் பட்டியலான டிஎன்எஸ்ஸில் எஸ்பிஎஃப் வரியையும், மடலின் கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் டிகிம் வரியையும் கொண்டுபோக மறந்துவிட்டார். தீபாவளித் தள்ளுபடி மெயில் கிளம்பியது. ‘நீ யார் என்று உறுதியாகவில்லை’ என்ற பொருளில் ஜிமெயில் 550 5.7.26 என்று திருப்பியது, ஒவ்வொரு முகவரிக்கும். ஸ்கிரிப்ட் 550-ஐ மட்டும் பார்த்தது. காலையில் வந்து பார்த்தால் பட்டியலில் ஜிமெயில் வாடிக்கையாளர் ஒருவர்கூட இல்லை.

டிஎன்எஸ்ஸைச் சரிசெய்வது சின்ன வேலை. பட்டியலை மீட்பதில்தான் மாட்டிக்கொண்டார்கள். டேட்டாபேஸில் இருந்தது ‘பவுன்ஸ்: ஆம்’ என்ற ஒரே ஒரு குறி. உண்மையிலேயே இல்லாத பழைய முகவரியும் நேற்று அநியாயமாக விழுந்த முகவரியும் ஒரே மாதிரி நின்றன. மூல மடல்களைப் பார்க்கலாம் என்றால், இடம் மிச்சம் பிடிக்கப் படித்த கையோடு அவற்றையும் ஸ்கிரிப்ட் அழித்திருந்தது! எல்லோரையும் திரும்பச் சேர்த்து அனுப்பினால், செத்த முகவரிகளும் சேர்ந்து அடித்து டொமைனின் பெயரைக் கெடுக்கும். கடைசியில் பில் புத்தகத்தை வைத்து, அண்மையில் வாங்கியவர்களை மட்டும் ஒவ்வொருவராகச் சேர்த்தார்கள். தீபாவளி அதற்குள் முடிந்துவிட்டது.

ஆகவே, பவுன்ஸ் மடலுக்குள் ‘ஸ்டேட்டஸ்’ என்ற வரி இருக்கும், அதன் மூன்று எண்களையும் படியுங்கள். 5.1.1-க்கு மட்டும் உடனே நிறுத்துங்கள். பெட்டி நிரம்பியவருக்கு இரண்டு மூன்று தவணை கொடுங்கள். 5.7 வந்தால் முகவரியைத் தொடாமல் மனிதர் ஒருவருக்குத் தகவல் போகட்டும். ஒரே டொமைனிலிருந்து கொத்தாகத் திரும்பினால் ஸ்கிரிப்ட் தானே நின்றுவிட வேண்டும். குறியோடு தேதி, எண், காரண வரி மூன்றையும் சேமியுங்கள். மூல மடல் சில மாதமாவது இருக்கட்டும்.

ஸ்பாம் ஃபில்டர்

பவுன்ஸ்களையே விழுங்கும். அந்தப் பெட்டிக்கு மட்டும் அணைத்துவிடுங்கள்.

பவுன்ஸே இல்லை என்று மகிழ்வது

பழைய பட்டியலுக்கு அனுப்பி ஒன்றுகூடத் திரும்பவில்லை என்றால் பெட்டியைச் சந்தேகப்படுங்கள். கூகுள் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றினால் மென்பொருள்கள் நுழையத் தந்த ஆப் பாஸ்வேர்டுகளும் செல்லாமல் போகும். மைக்ரோசாஃப்ட் 2022 அக்டோபரிலிருந்தே ஐமேப், பாப் இரண்டிலும் வெறும் கடவுச்சொல் நுழைவை நிறுத்தத் தொடங்கிவிட்டது. ஸ்கிரிப்டை நேரத்துக்கு ஓட்டும் கிரான் ஓடாமல் நின்றிருக்கலாம். ஒவ்வொரு கேம்பெயினிலும், உலகில் இல்லாத ஒரு முகவரியை வேண்டுமென்றே சேர்த்து அனுப்புங்கள். மறுநாள் அதில் குறி விழவில்லை என்றால் அடுத்த மெயிலை நிறுத்திவையுங்கள்.