டெஸ்க்டாப் டெம்பரேச்சர் பாக்குறப்ப நிறைய பேர் பண்ற தப்புகள்

டெஸ்க்டாப் சூடாகுதுன்னு கேட்டு வர்றவங்கள்ல முக்காவாசிப் பேர் ஒரு ஸ்க்ரீன்ஷாட்டோட வருவாங்க, அதுல எங்கயாவது ஒரு மூலையில 127 டிகிரின்னு இருக்கும், போர்டே எரிஞ்சிடுமோன்னு பயந்து போயிருப்பாங்க. அதே ஸ்க்ரீன்ஷாட்ல ரெண்டு வரி மேல ப்ராசசர் 44 டிகிரில நிம்மதியா ஓடிட்டு இருக்கும். அந்த 127 எதுலயுமே கனெக்ட் ஆகாத ஒரு பின்னோட ரீடிங், அவ்வளவுதான். இதுக்காக கூலரை மாத்தினவங்க எல்லாம் இருக்காங்க, அந்தக் காசு வீணா போறத பாத்தா மனசு கேக்கல. நம்பர் எவ்வளவுன்னு பாக்குறதுக்கு முன்னாடி அது எந்த சென்சார், அது எங்க உக்காந்திருக்குன்னு பாக்கணும், கீழ சொல்லப்போற தப்பு முக்காவாசி இத பாக்காததுனால வர்றதுதான்.

லினக்ஸ்ல எல்எம்-சென்சார்ஸ்ங்கிற டூலை போட்டு டெர்மினல்ல சென்சார்ஸ்னு அடிச்சா கூட்டமா ஒரு லிஸ்ட் வரும். அதுல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு ப்ராசசருக்குள்ளயே, சிலிக்கான்லயே இருக்கிற சென்சார், இன்டெல்னா கோர்டெம்ப்னு வரும், ஏஎம்டினா கே10டெம்ப்னு வரும். இன்னொண்ணு மதர்போர்டுல இருக்கிற சூப்பர் ஐஓ சிப், பெரும்பாலும் நுவோட்டான் இல்லன்னா ஐடிஇ கம்பெனியோடது, ஃபேன் ஸ்பீடு, வோல்டேஜ், போர்டோட சூடு எல்லாம் இது வழியா வரும். நுவோட்டான் சிப்புல சிஸ்டின், சிபியுடின், ஆக்ஸ்டின் 0, 1, 2, 3ன்னு வரிசையா பேர் இருக்கும். சிப் பண்றவன் எல்லா போர்டுக்கும் சேர்த்து நிறைய இன்புட் வெச்சுடுவான், போர்டு பண்றவன் அதுல ரெண்டோ மூணோதான் வயர் பண்ணுவான், மீதி சும்மா தொங்கிட்டு இருக்கும், அதுலதான் 127, மைனஸ் 128, இல்லன்னா 90லேர்ந்து 110க்கு அர்த்தமே இல்லாம தாவுறது எல்லாம் வரும். பக்கத்துல அலார்ம்னு எழுதியிருந்தாலும் உடனே பதற வேண்டாம், அந்த சிப்புல லிமிட்டை யாரும் செட் பண்ணாம 0ன்னு கிடக்கும், 0க்கு மேல எது வந்தாலும் அலார்ம்தான். அதே மாதிரி ஏசிபிஐடிஇசட்னு ஒரு வரி வரும், பல டெஸ்க்டாப் போர்டுல அது காலைல பாத்தாலும் ராத்திரி பாத்தாலும் 27.8 டிகிரிலயே நிக்கும், அது பயாஸ்ல எழுதி வெச்ச ஒரு நம்பர், சென்சாரே கிடையாது, ஆனா பேனல்ல டெம்பரேச்சர் காட்டுற சில விட்ஜெட் டிஃபால்ட்டா அதத்தான் எடுத்துக்கும். கேம் ஆடுறப்பவும் 27.8 காட்டுதே, நம்ம கூலர் சூப்பர்னு நெனச்சுட்டு இருக்கறவங்க தயவுசெஞ்சு அத மாத்துங்க.

எது எந்த சென்சார்னு கண்டுபிடிக்க வழி சுலபம். ஒரு டெர்மினல்ல வாட்ச் போட்டு சென்சார்ஸ் ஓட விடுங்க, இன்னொண்ணுல ஸ்ட்ரெஸ்-என்ஜி வெச்சு எல்லா கோருக்கும் லோடு குடுங்க. லோடு குடுத்த அதே செகண்டுல தூக்கிட்டு மேல போறது ப்ராசசருக்குள்ள இருக்கிறது. மெதுவா, நிமிஷக் கணக்குல ஏறி, லோடை நிறுத்தின பிறகும் உடனே இறங்காம இருக்கிறது ப்ராசசர் உக்கார்ற சாக்கெட் பக்கத்துலயோ விஆர்எம் (ப்ராசசருக்கு கரன்ட் குடுக்கிற பகுதி) பக்கத்துலயோ போர்டுல ஒட்டியிருக்கிறது. லோடுக்கு சம்பந்தமே இல்லாம அசையாம இருக்கிறதும் இஷ்டத்துக்கு குதிக்கிறதும் தொங்கிட்டு இருக்கிற பின். சிபியுடின்னு பேர் இருக்கிறதால அதுதான் ப்ராசசர் சூடுன்னு எடுத்துக்காதீங்க, அது சாக்கெட் பக்கம் போர்டுல இருக்கிற சென்சார், உள்ள 85 இருக்கிறப்ப அது 50ன்னு காட்டலாம்.

அடுத்து, எந்த சென்சார் சிப் இருக்குன்னு தேடுற சென்சார்ஸ்-டிடெக்ட் ஓட்டுறப்ப நடக்கிறது. கேள்வி கேக்கும், கேட்டதுக்கெல்லாம் எஸ் எஸ்னு அடிச்சுட்டே போறது தப்பு. எந்த பதில் பெரிய எழுத்துல இருக்கோ அதுதான் டிஃபால்ட், என்டர் தட்டினா அதுதான் போகும், அதுதான் பாதுகாப்பு. தெரியாத அட்ரஸை எல்லாம் தட்டிப் பாக்குறது வெறும் படிக்கிற வேலை மட்டும் இல்ல, பழைய ஐபிஎம் திங்க்பேட் சில மாடல்ல இப்படி தேடினதுல ஈப்ராம்ங்கிற மெமரி சிப் கெட்டுப்போய் மெஷினே பூட் ஆகாம போன கதை உண்மையிலேயே நடந்திருக்கு, அதனாலதான் அந்த டூல் இவ்வளவு ஜாக்கிரதையா கேக்குது. ஆனா ஒரு இடத்துல மட்டும் என்டர் தட்டினா காரியம் கெடும், டெபியன், உபுண்டுல கடைசியா மாட்யூல் (சிப்பைப் படிக்கிற டிரைவர்) பேரை ஃபைல்ல சேக்கட்டுமான்னு கேக்கும், அதுக்கு டிஃபால்ட் நோ. என்டர் தட்டிட்டு போயிட்டா மாட்யூல் தானா லோடு ஆகாது, கைல மாட்ப்ரோப் கமாண்ட் அடிச்சு லோடு பண்ணி ஒரு தடவ வந்தாலும் ரீபூட் பண்ணினதும் ஃபேன் ஸ்பீடு, வோல்டேஜ் எல்லாம் காணாம போயிடும். அங்க மட்டும் எஸ்னு டைப் பண்ணுங்க.

சில பேருக்கு மாட்யூல் லோடே ஆகாது, ஏசிபிஐ (பயாஸும் லினக்ஸும் ஹார்ட்வேர் பத்தி பேசிக்கிற வழி) கூட மோதுதுன்னு கெர்னல் லாக்ல வரும், உடனே எங்கயோ பாத்துட்டு ஏசிபிஐ என்ஃபோர்ஸ் ரிசோர்சஸை லேக்ஸ்னு மாத்துற பூட் ஆப்ஷனை போட்டுடுவாங்க. கெர்னல் ஏன் தடுக்குதுன்னா அதே சிப்பை பயாஸும் தொட்டுட்டு இருக்கு, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கேட்டா ரீடிங் கலங்கும், மோசமா போனா ஃபேன் கன்ட்ரோலும் குழம்பும். அந்த ஆப்ஷன் வேலை செய்யும்தான், ஆனா அத முதல் மருந்தா எடுக்காதீங்க, முதல்ல கெர்னலை புதுசாக்கிப் பாருங்க, ஆசுஸ் போர்டு நிறையத்துக்கு 5.16லேர்ந்து டபிள்யூஎம்ஐங்கிற பயாஸோட சொந்த வழியில மோதாம படிக்கிற வசதி வந்துடுச்சு.

சொந்தமா ஸ்க்ரிப்ட் எழுதறவங்க, பேனல்ல டெம்பரேச்சர் காட்ட கான்கி, வேபார் எல்லாம் செட் பண்றவங்க பண்ற தப்பு ஹெச்டபிள்யூமான் நம்பரை (ஒவ்வொரு சென்சாருக்கும் கெர்னல் குடுக்கிற ஃபோல்டர் நம்பர்) அப்படியே எழுதி வெக்கிறது. இன்னைக்கு ஹெச்டபிள்யூமான் 2ல ப்ராசசர் இருக்கும், நாளைக்கு ரீபூட் பண்ணினா மாட்யூல் லோடாகற வரிசை மாறி 2ல எஸ்எஸ்டி உக்காந்திருக்கும், நீங்க ப்ராசசர்னு நெனச்சு எஸ்எஸ்டியோட 38 டிகிரிய பாத்துட்டு இருப்பீங்க, அதுல எர்ரரும் வராது, அதான் ஆபத்து. ஒவ்வொரு ஃபோல்டர்லயும் நேம்னு ஒரு ஃபைல் இருக்கு, அதைப் படிச்சு கே10டெம்ப்பா கோர்டெம்ப்பான்னு பாத்து எடுங்க. அந்த ஃபோல்டர்ல இருக்கிற டெம்பரேச்சர் ஃபைல்ல வர்ற 45000ங்கிறது 45 டிகிரி, ஆயிரத்தால வகுக்கணும்.

இப்ப நம்பருக்கு வருவோம். எல்லா ப்ராசசருக்கும் 70க்கு மேல போனா ஆபத்துன்னு ஒரு பழைய கணக்கு இன்னும் சுத்திட்டு இருக்கு. இன்டெல் டெஸ்க்டாப் சிப் பலதுக்கும் லிமிட் 100 டிகிரி, ரைசன் 5000ல மாடலைப் பொறுத்து 90 இல்லன்னா 95, ரைசன் 7000ல பெரும்பாலும் 95, அதுலயும் 7950எக்ஸ் மாதிரி சிப் முழு லோடுல 95 வரைக்கும் தானே ஏறி அங்கயே நின்னு வேலை செய்யற மாதிரிதான் ஏஎம்டி டிசைன் பண்ணியிருக்கு. முதல் தலைமுறை ரைசன் 1700எக்ஸ், 1800எக்ஸ்ல டிசிடிஎல்ங்கிற ரீடிங் நிஜ சூட்டை விட 20 டிகிரி கூட காட்டும், அது ஃபேனுக்காக வெச்ச கணக்கு, நிஜ சூடு டிடைல பாக்கணும். பழைய மெஷின செகண்ட் ஹேண்ட்ல வாங்கினவங்க இத தெரிஞ்சு வெச்சுக்கோங்க. இன்டெல்ல இருக்கிற சென்சார் லிமிட்டுக்கு இன்னும் எவ்வளவு தூரம்னு அளக்கறதுக்காக வெச்சது, அதனால லிமிட் பக்கம் போகப் போக சரியா இருக்கும், சும்மா இருக்கிறப்ப காட்டுற 28, 31 எல்லாம் தோராயம்தான், ஒரு கோர் 29 இன்னொரு கோர் 35னு இருந்தா கூலருக்கு அடியில தடவுற பேஸ்ட் சரியா பரவலன்னு கூலரை கழட்டாதீங்க.

ஐடில்ல, அதாவது மெஷின் சும்மா இருக்கிறப்ப மட்டும் பாக்குறதும் ஒரு தப்பு. பயாஸ்ல போய் பாத்துட்டு 52 இருக்கு, விண்டோஸ்ல 38 இருக்கு, எது சரின்னு கேப்பாங்க. பயாஸ்ல ப்ராசசர் சரியா தூங்கப் போகாது, அதனால கூட இருக்கும், ரெண்டும் சரிதான். முக்கியமானது லோடு குடுத்தா எப்படி ஏறுதுங்கிறது. லோடு வந்த ஒரே செகண்டுல 40லேர்ந்து 95க்கு பாய்ஞ்சு, நிறுத்தின உடனே திரும்ப விழுந்தா, அதுவும் அவ்வளவா பவர் எடுக்காத சிப்புல, கூலர் சரியா உக்காரல, பேஸ்ட் காஞ்சு போச்சு, இல்ல அடியில இருக்கிற பிளாஸ்டிக் ஃபிலிமை உரிக்கல. அதே 95க்கு பத்து பதினஞ்சு நிமிஷம் எடுத்து மெல்ல மெல்ல ஏறினா கூலர் நல்லாத்தான் உக்காந்திருக்கு, கேபினெட்டுக்குள்ள காத்து போய் வரல, ஃபில்டர்ல தூசி அடைச்சிருக்கு. சைடு பேனலை கழட்டிட்டு அதே டெஸ்ட்டை ஓட்டுங்க, நல்லா குறைஞ்சா காத்து பிரச்சனைதான், பேஸ்ட் வாங்கப் போகாதீங்க.

இதுல நம்ம ஊருக்குன்னு ஒண்ணு சொல்லணும். ரிவ்யூல 21, 22 டிகிரி ரூம்ல வெச்சு டெஸ்ட் பண்ணி 68 வந்துச்சுன்னு சொல்வாங்க, நம்ம ரூம் மே மாசம் ஏசி இல்லாம 36 இருக்கும். அந்த 14 டிகிரியை அப்படியே கூட்டிக்கோங்க, 82 வந்தா உங்க கூலர் அவங்களோடது அளவுக்கே வேலை செய்யுது. ரூம் டெம்பரேச்சரை எழுதாம வெறும் ப்ராசசர் நம்பரை வெச்சு ரெண்டு மெஷினை ஒப்பிட்டா எதுவும் தெரியாது.

விண்டோஸ்காரங்களுக்கு, ரெண்டு மூணு மானிட்டரிங் சாஃப்ட்வேரை ஒரே நேரத்துல ஓட விடாதீங்க. ஹெச்டபிள்யூஇன்ஃபோ, போர்டு கம்பெனி குடுத்த ஒண்ணு, ஆர்ஜிபி லைட்டுக்கு ஒண்ணுன்னு எல்லாம் சேர்ந்து ஒரே சிப்பை கேட்டா திடீர்னு ஃபேன் 0 ஆர்பிஎம்னு வரும், இல்லன்னா ஒரு செகண்டுக்கு 200 டிகிரின்னு வந்து மறையும். அடிக்கடி கேக்குற டூல் ப்ராசசரை தூங்க விடாம எழுப்பி ஐடில் சூட்டையே ஏத்தும், 2019ல ரைசன் 3000 வந்தப்ப ஐடில் வோல்டேஜ் கூட இருக்குன்னு எழுந்த புகாருக்கு ஏஎம்டி சொன்ன விளக்கத்துல இதுவும் இருந்துச்சு. அப்புறம் 2025ல விண்டோஸ் டிஃபெண்டர் வின்ரிங்0ங்கிற டிரைவரை தடுக்க ஆரம்பிச்சது, பழைய ஃபேன் கன்ட்ரோல் டூல் நிறைய அதை வெச்சுதான் ஓடுச்சு. அந்த டிரைவர்ல நிஜமாவே பாதுகாப்பு ஓட்டை இருக்கு, டிஃபெண்டரை ஆஃப் பண்ணிட்டு ஓட்டாதீங்க, அது இல்லாத புது வெர்ஷனுக்கு மாறுங்க.

கிராஃபிக்ஸ் கார்டுல ஏஎம்டிக்கு எட்ஜ், ஜங்ஷன், மெம்னு மூணு வரும். எட்ஜ் 75, ஜங்ஷன் 98ன்னா பயந்துடாதீங்க, ஜங்ஷன்ங்கிறது சிப்புல அந்த நேரத்துல எது அதிக சூடோ அந்த இடம், ஆர்எக்ஸ் 5700 வந்தப்பவே 110 வரைக்கும் போறது சகஜம்னு ஏஎம்டி சொல்லிடுச்சு. என்விடியாவோட சொந்த டிரைவர் போட்டிருந்தா லினக்ஸ்ல சென்சார்ஸ் லிஸ்ட்ல கார்டு வராது, என்விடியா-எஸ்எம்ஐ தான் பாக்கணும். சும்மா இருக்கிறப்ப கார்டு ஃபேன் 0ன்னா அது தானா நின்னிருக்கு, ரிப்பேர் இல்ல.

லினக்ஸ்ல ஹார்ட் டிஸ்க் சூடு பாக்க இன்னும் ஹெச்டிடிடெம்ப்ங்கிற பழைய டூலை தேடிட்டு இருக்காங்க, அது வேண்டாம், கெர்னல் 5.6லேர்ந்து டிரைவ்டெம்ப் மாட்யூல் உள்ளயே இருக்கு, நாமதான் லோடு பண்ணணும்.

வோல்டேஜ்ல மட்டும் சாஃப்ட்வேரை நம்பி பவர் சப்ளையை மாத்திடாதீங்க. சூப்பர் ஐஓ சிப்பால 12 வோல்ட்டை நேரா அளக்க முடியாது, போர்டுல ரெசிஸ்டர் வெச்சு குறைச்சு அனுப்புவாங்க, எவ்வளவு குறைச்சாங்கங்கிறது போர்டுக்கு போர்டு மாறும். அந்தக் கணக்கு கான்ஃபிக் ஃபைல்ல இல்லன்னா 12 வோல்ட் லைன் 1.02ன்னுகூட காட்டும். பயாஸ்ல பாருங்க, சந்தேகம் போகலன்னா மல்டிமீட்டர் வெச்சு பாருங்க.

கடைசியா, சிஸ்டம் ஸ்லோ ஆகுது, சூடுதான் காரணமான்னு தெரியணும்னா டெம்பரேச்சரையே உத்துப் பாத்துட்டு இருக்க வேண்டாம். இன்டெல் ப்ராசசரா இருந்தா லினக்ஸ்ல சிஸ் டைரக்டரிக்குள்ள ஒவ்வொரு கோருக்கும் தெர்மல் த்ராட்டில்னு ஒரு ஃபோல்டர் இருக்கு, அதுல கோர் த்ராட்டில் கவுன்ட்னு ஒரு ஃபைல், பூட் ஆனதுலேர்ந்து சூட்டுனால எத்தன தடவ ஸ்பீடை குறைச்சுதுன்னு எழுதியிருக்கும். ஸ்லோ ஆகறப்ப அந்த நம்பர் ஏறுதான்னு பாருங்க, அது 0லயே நின்னா ப்ராசசர் சூடு காரணம் இல்ல, ரேம் பக்கமோ டிஸ்க் பக்கமோ போய் தேடுங்க.