கேட்ச்: துரத்தலும் பிடித்தலும்

‘ராத்திரி முழுக்க மீன்பிடிச்சோம், ஒண்ணும் படல.’ பாம்பனிலும் தொண்டியிலும் இது சாதாரணப் பேச்சு. இதை ஆங்கிலத்தில் சொல்லப் போய் ‘வீ காட் ஃபிஷ் ஆல் நைட்’ என்று தொடங்கினால், இரவெல்லாம் மீன் கிடைத்தது என்று பொருளாகிவிடும். நம் ‘மீன்பிடித்தல்’ வலை வீசும் வேலையையும் சேர்த்துச் சொல்கிறது. ‘காட்’டின் மூலமான ‘கேட்ச்’ கைக்கு வந்ததை மட்டும் சொல்கிறது. வேலைக்கு ‘ஃபிஷ்’ என்ற வினை, அகப்பட்டதற்கு ‘கேட்ச்’: ‘வீ ஃபிஷ்ட் ஆல் நைட் பட் காட் நத்திங்.’ இந்த ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டு மற்றதற்குப் போங்கள்.

வேடிக்கை என்னவென்றால், பழைய ‘கேட்ச்’ நம் சொல்லைப் போலத்தான் இருந்தது. லத்தீனில் ‘கபேரே’ என்றால் பற்றுதல். அதிலிருந்து வந்த ‘கப்தாரே’ என்றால் பற்ற முயலுதல். அதன் வழிவந்த வட பிரெஞ்சு வடிவம் ‘கச்சியே’, வேட்டையாடித் துரத்துவது. 1066இல் வட பிரான்சின் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அது ஆங்கிலத்துக்குள் வந்தது. அதே லத்தீன் மூலம் நடு பிரான்சு வழியாக ‘சேஸ்’ என்றும் வந்து சேர்ந்தது. துரத்தும் வேலை ‘சேஸ்’ பக்கம் போக, பிடிபடுதல் ‘கேட்ச்’சிடம் தங்கியது. ‘கேப்சர்’ என்பதும் அதே வேரில் முளைத்ததே.

‘கேட்ச்’சின் இறந்தகாலம் ‘காட்’. ‘கேட்ச்டு’ என்று எழுதுவது தவறு. பிரெஞ்சு வழி வந்த சொல்லுக்கு இப்படியொரு வடிவம் வரக் காரணம், அதே பொருளில் இருந்த பழைய ஆங்கில வினை ஒன்று. அதன் இறந்தகால ஓசையைப் பார்த்து இதுவும் மாறியது. அந்த வினை இன்று கதவின் ‘லாட்ச்’சில், நம் தாழ்ப்பாளில், மிஞ்சியிருக்கிறது.

‘பிடி’ வரும் இடமெல்லாம் ‘கேட்ச்’ போடாதீர்கள். பஸ் பிடிப்பது, தீப்பிடிப்பது இரண்டுக்கும் பொருந்தும். வீடு பிடிப்பதற்கும் படம் பிடிப்பதற்கும் பொருந்தாது. அதிகம் தடுக்குவது சளியில்தான்: நமக்குச் சளி வந்து பிடிக்கும், ஆங்கிலத்தில் ஆள்தான் சளியைப் பிடிக்கிறார், ‘ஐ காட் எ கோல்ட்.’ மழையில் மட்டும் நம் பக்கம் திரும்பும்: ‘ஐ வாஸ் காட் இன் த ரெய்ன்.’

பெயர்ச்சொல்லாக வந்தால் ‘கேட்ச்’ நம் மீன்பாடு. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கரை திரும்பும்போது ‘மீன்பாடு எப்படி?’ என்று கேட்போமே, அது ‘ஹௌ வாஸ் த கேட்ச்?’ ஒரு படகில் வந்தது 300 கிலோ ஆனாலும் ஒரே ‘கேட்ச்’தான், மீனை எண்ணிப் பன்மையாக்க வேண்டாம். ‘பைகேட்ச்’ என்பதைச் சங்காயம் (அதிக விலை போகாத கழிவு மீன்) என்று மட்டும் பெயர்த்தால் குறைபடும். குறிவைக்காமல் வலையில் மாட்டும் ஆமையும் கடல்குதிரையும் அதில் அடங்கும்.