வேலையில் இருந்துகொண்டே டிபிஏ: முதல் பாடத்திலிருந்து ஆய்வேடு வரை

வணிக நிர்வாகத்தில் டாக்டர் பட்டமான டிபிஏ, அமெரிக்காவில் பெரும்பாலும் வேலையில் இருக்கும் மேலாளர்களை மனதில் வைத்தே நடத்தப்படுகிறது. பிஎச்டி மாணவர் கோட்பாட்டில் புதிதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும். டிபிஏ மாணவர் நடைமுறையில் இருக்கும் ஒரு சிக்கலை எடுத்து, ஆய்வு முறைப்படி அலசி, சான்றோடு பதில் சொல்ல வேண்டும். இரண்டிலும் முதலில் வகுப்புப் பாடங்களான கோர்ஸ்வொர்க், அப்புறம் ஆய்வேடு.

பலர் நின்றுபோவது இந்த இரண்டுக்கும் நடுவில்தான். கோர்ஸ்வொர்க்கில் வாரம் தவறாமல் வகுப்பும் கெடு தேதியும் இருக்கும். அது முடிந்த மறுநாளே கேட்க ஆளில்லை. ஆய்வேட்டைத் தவிர எல்லாவற்றையும் முடித்தவர்களை அங்கே ஏபிடி என்பார்கள். அந்த நிலையிலேயே வருடக்கணக்கில் இருப்பவர்கள் உண்டு. அதைத் தவிர்க்க எனக்குத் தெரிந்த ஒரே உருப்படியான வழி, முதல் பாடத்திலிருந்தே ஆய்வேட்டை எழுதத் தொடங்குவது. கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

படி 1: சேரும் முன் பார்க்க வேண்டியவை

பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்பதை அமெரிக்கக் கல்வித் துறையின் இணையத் தரவுத்தளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். சேர்க்கை ஆலோசகர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். வணிகப் பள்ளிகளை மதிப்பிடும் ஏஏசிஎஸ்பி அமைப்பின் அங்கீகாரமும் தனியாக இருந்தால் கூடுதல் பலம்.

இந்தியாவில் உட்கார்ந்து ஆன்லைனில் படிக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எட்டெக் எனப்படும் ஆன்லைன் கல்வி நிறுவனங்கள் வெளிநாட்டுக் கல்வி நிறுவனங்களோடு சேர்ந்து நடத்தும் ஆன்லைன் பிஎச்டி படிப்புகளுக்கு இங்கே அங்கீகாரம் இல்லை என்று யுஜிசி-யும் ஏஐசிடிஇ-யும் 2022 அக்டோபரில் சேர்ந்தே எச்சரித்தன. உங்கள் துறையில் பதவி உயர்வுக்கும் அறிவு வளர்ச்சிக்கும் என்றால் கணக்கு வேறு. கல்லூரியில் பேராசிரியர் வேலைதான் இலக்கு என்றால், பணம் கட்டுவதற்கு முன்பே இதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

படி 2: சிக்கலைச் சுருக்குங்கள்

எல்லோரும் ஒரு பெரிய தலைப்போடுதான் வருவார்கள். அதை எப்படிக் கேள்வியாக்குவது என்று ஓர் உதாரணத்தில் பார்ப்போம். நீங்கள் ஒரு சில்லறைக் கடைச் சங்கிலியில் மேலாளர் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் வரும் கேள்வி: 'ஊழியர்கள் ஏன் வேலையை விட்டுப் போகிறார்கள்?' இதற்கு ஒரு ஆய்வேட்டில் பதில் சொல்ல முடியாது. யார், எங்கே என்று சேருங்கள்: 'சில்லறைக் கடைகளில் மணிக்கணக்குச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்கள் ஏன் விலகுகிறார்கள்?' பரவாயில்லை, ஆனால் எதை அளப்பது என்று இன்னும் தெரியவில்லை. மூன்றாவது முறை இப்படி வரலாம்: 'ஷிப்ட் அட்டவணை எத்தனை நாள் முன்னதாகத் தெரிகிறது, சூப்பர்வைசர் எவ்வளவு ஆதரவாக இருக்கிறார், சம்பளத்தில் எவ்வளவு திருப்தி ஆகிய மூன்றுக்கும் விலகும் எண்ணத்துக்கும் தொடர்பு உண்டா?'

இப்போது விலகும் எண்ணத்தோடு சேர்த்து அளக்க மூன்று மாறிகள் கிடைத்துவிட்டன. 'விலகல்' என்றில்லாமல் 'விலகும் எண்ணம்' என்று இருப்பதையும் பாருங்கள். விலகிப் போனவர்களைத் தேடிப் பிடிப்பது கடினம். எண்ணத்தை, இன்று வேலையில் இருப்பவர்களிடமே கேட்டுவிடலாம்.

இந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்றும் சொல்ல வேண்டும். சியாட்டில் நகரத்தில் 2017 ஜூலை முதல் பெரிய சில்லறை, உணவு நிறுவனங்கள் ஷிப்ட் அட்டவணையை 14 நாள் முன்னதாகத் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. ஓர் ஊரே சட்டம் போட்டுக் கவலைப்பட்ட விஷயம் என்றால், அதை ஆராயக் காரணம் இருக்கிறது. இப்படி ஒரு உண்மை உங்கள் முதல் அத்தியாயத்தைத் தாங்கி நிற்கும்.

படி 3: கோர்ஸ்வொர்க்கை ஆய்வேட்டுக்கு வேலை செய்ய வையுங்கள்

பாடங்கள் பெரும்பாலும் மூன்று வகை: மேலாண்மைக் கோட்பாடுகள், ஆய்வு முறையியல், புள்ளியியல். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு கட்டுரை எழுதச் சொல்வார்கள். தலைப்பு உங்கள் விருப்பம் என்றால், எல்லாக் கட்டுரைகளையும் படி 2-இல் சுருக்கிய கேள்வியைச் சுற்றியே எழுதுங்கள். கோட்பாட்டுப் பாடத்தில் விலகும் எண்ணம் பற்றிய கோட்பாடுகள், முறையியலில் அதை அளக்கும் கேள்வித்தாள்கள், புள்ளியியலில் பொதுவெளியில் கிடைக்கும் ஒரு தரவைக்கொண்டு ஒரு ரிக்ரெஷன் (மாறிகளுக்கு நடுவே உள்ள தொடர்பைக் கணக்கிடும் முறை) என்று போனால், ஆய்வேட்டின் பாதிச் சரக்கு தயாராகிவிடும். ஒரு பாடத்துக்குக் கொடுத்ததை அப்படியே இன்னொன்றில் கொடுத்தால் சுயத் திருட்டு என்று பிடிப்பார்கள். எவ்வளவு பயன்படுத்தலாம் என்று பேராசிரியரிடம் முன்கூட்டியே கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

படித்ததைக் குறித்து வைக்கும் பழக்கம் இந்தக் கட்டத்தில்தான் வர வேண்டும். ஜோட்டெரோ இலவச மென்பொருள். கட்டுரைகளைச் சேமிக்கும், மேற்கோள் பட்டியலை ஏபிஏ ஏழாம் பதிப்பு நடையில் தானே போட்டுத்தரும். அதோடு எக்செல்லில் ஒரு அட்டவணை திறங்கள். ஒரு கட்டுரைக்கு ஒரு வரிசை. ஆய்வுக் கேள்வி, கோட்பாடு, யாரிடம் எத்தனை பேரிடம் கேட்டார்கள், எந்த அளவுகோல், என்ன முடிவு, அவர்களே ஒப்புக்கொள்ளும் குறை என்று ஆறு பத்தி (நெடுவரிசை) போதும். கடைசிப் பத்தியை ஒருபோதும் காலியாக விடாதீர்கள். 60, 70 வரிசை சேர்ந்ததும் அந்தப் பத்தியை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள். 'ஒரே நிறுவனத்தில்தான் கேட்டோம்', 'அலுவலக ஊழியர்கள் மட்டுமே' என்று அதே குறை திரும்பத் திரும்ப வந்தால், ஆய்வு இடைவெளி அங்கேதான் இருக்கிறது. முந்தைய ஆய்வுகளை அலசும் இலக்கிய மீளாய்வு அத்தியாயம் எழுதத் திணறுபவர்களில் பலருக்கு இல்லாதது மொழித்திறன் அல்ல, இந்த அட்டவணைதான்.

படி 4: தகுதித் தேர்வு

கோர்ஸ்வொர்க் முடிவில், படித்த எல்லாவற்றையும் சேர்த்துச் சோதிக்கும் காம்ப்ரிஹென்சிவ் தேர்வு இருக்கும். சில இடங்களில் அதற்குப் பதில் ஒரு நீண்ட கட்டுரை. மேலே சொன்ன அட்டவணை கைவசம் இருந்தால் இதற்கென்று தனியாகப் பெரிய தயாரிப்பு தேவைப்படாது.

படி 5: கைடு

உங்கள் ஆய்வேட்டை மதிப்பிட, தலைவரும் இரண்டு மூன்று உறுப்பினர்களும் கொண்ட கமிட்டி அமையும். தலைவர்தான் உங்கள் கைடு. பெயர் பெற்றவரைத் தேடிப் போவதைவிட, அனுப்பிய அத்தியாயத்தை எத்தனை வாரத்தில் திருத்தித் தருகிறார் என்று அவரிடம் படிக்கும் மாணவர்களைக் கேளுங்கள். நான்கு மாதம் பதில் வராத கைடு எவ்வளவு பெரிய அறிஞராக இருந்தும் பயனில்லை. உறுப்பினர்களில் ஒருவராவது உங்கள் புள்ளியியல் முறையை நன்றாக அறிந்தவராக இருக்கட்டும்.

படி 6: புரொபோசல்

வழக்கமான ஐந்து அத்தியாய ஆய்வேட்டில் அறிமுகம், இலக்கிய மீளாய்வு, முறையியல் ஆகிய முதல் மூன்றும்தான் புரொபோசல். அதைக் கமிட்டி முன்னால் விளக்கி ஒப்புதல் வாங்க வேண்டும்.

இங்கே கட்டாயம் வரும் கேள்வி, 'எத்தனை பேரிடம் கேட்கப் போகிறீர்கள்?' மனதில் தோன்றிய எண்ணைச் சொல்லக் கூடாது. ஜி-பவர் என்ற இலவச மென்பொருளில் நம் உதாரணத்தைப் போடுவோம்: ரிக்ரெஷன், மூன்று மாறிகள், நடுத்தர விளைவு 0.15, பிழை அளவு (இல்லாத தொடர்பை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு) 0.05, திறன் (இருக்கும் தொடர்பைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) 0.80. பதில் 77. அது குறைந்தபட்சம்தான். பதில் தராதவர்கள், பாதியில் விட்டவர்கள் போக 77 மிஞ்ச வேண்டும் என்பதால் பல மடங்கு பேருக்கு அனுப்ப வேண்டியிருக்கும். நேர்காணல் வழி ஆய்வு என்றால் இப்படிச் சூத்திரம் கிடையாது. புதிதாக எதுவும் வராத நிலையை எட்டும்வரை போக வேண்டும். 2006-இல் வெளியான, அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஒரு ஆய்வில், ஓரளவு ஒரே மாதிரியான குழுவில் முதல் 12 நேர்காணல்களுக்குள் அந்த நிலை வந்தது.

கேள்வித்தாளை நீங்களாக உருவாக்க வேண்டாம். ஏற்கெனவே சோதித்த அளவுகோலை அனுமதி பெற்றுப் பயன்படுத்துங்கள். முதல் ஆய்விலேயே புது அளவுகோல் உருவாக்குவது இன்னொரு ஆய்வேட்டைத் தலையில் ஏற்றிக்கொள்வதற்குச் சமம்.

படி 7: ஐஆர்பி ஒப்புதல்

மனிதர்களிடம் தகவல் திரட்டும் ஆய்வை, தொடங்கும் முன்பே பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழுவான ஐஆர்பி பார்க்க வேண்டும். இதை வெறும் காகித வேலை என்று அலுத்துக்கொள்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அலபாமாவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, சிஃபிலிஸ் நோய் இருந்த சுமார் 400 கறுப்பின ஆண்களை அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை ஆய்வு என்ற பெயரில் கவனித்துக்கொண்டே இருந்தது. என்ன நோய் என்று அவர்களிடம் சொல்லவில்லை. பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. அந்தக் கொடுமை வெளியே வந்ததால்தான் 1974-இல் ஆய்வில் பங்கேற்பவர்களைக் காக்கும் சட்டமும், 1979-இல் பெல்மாண்ட் அறிக்கையும் வந்தன. மனிதரை மதிப்பது, நன்மை செய்வது, நீதி ஆகிய மூன்றும் அந்த அறிக்கையின் அடிப்படை.

டிபிஏ மாணவர்களுக்கு இது நேராகப் பொருந்தும். பலர் தாங்கள் வேலை பார்க்கும் நிறுவனத்திலேயே ஆய்வு செய்கிறார்கள். மேலாளர் கேள்வித்தாள் அனுப்பினால் கீழே இருப்பவர் 'வேண்டாம்' என்று சொல்வாரா? 'வேலையை விட நினைக்கிறேன்' என்று உண்மையை எழுதுவாரா? ஆகவே நேரடியாக உங்களுக்குக் கீழ் வேலை பார்ப்பவர்களை விட்டுவிடுங்கள். வேறு கிளையிலோ வேறு நிறுவனத்திலோ கேளுங்கள். பெயர், ஊழியர் எண், ஐபி முகவரி எதுவும் பதிவாகாதபடி அமையுங்கள். அழைப்பு உங்கள் அலுவலக மின்னஞ்சலிலிருந்து போகக் கூடாது. நிறுவனத்தின் அனுமதிக் கடிதம், பங்கேற்பவருக்கான ஒப்புதல் படிவம் இரண்டும் விண்ணப்பத்தோடு இருக்க வேண்டும். ஒப்புதல் கைக்கு வரும்வரை ஒரு பதில்கூடச் சேகரிக்காதீர்கள். முன்பே சேகரித்ததை ஆய்வேட்டில் பயன்படுத்த விடமாட்டார்கள்.

படி 8: தரவும் எழுத்தும்

தரவு வந்ததும் விடுபட்ட பதில்கள், எல்லாக் கேள்விக்கும் '3' என்று போட்ட தாள்கள் ஆகியவற்றை நீக்கி, ஏன் நீக்கினீர்கள் என்று எழுதி வையுங்கள். அளவுகோலின் நம்பகத்தன்மைக்கு, அதன் கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் க்ரோன்பாக் ஆல்ஃபா என்ற எண்ணைப் பாருங்கள். 0.70-க்கு மேல் இருந்தால் பொதுவாக ஏற்கப்படும். இந்தக் கணக்குகளுக்கு ஜாஸ்ப் என்ற புள்ளியியல் மென்பொருள் இலவசம், புதியவர்களுக்கு எளிது.

கருதுகோள் பொய்த்துப் போனால் பதற வேண்டாம். ஷிப்ட் அட்டவணைக்கும் விலகும் எண்ணத்துக்கும் தொடர்பே தெரியவில்லை என்பதும் ஒரு முடிவுதான், அதை அப்படியே எழுதலாம். முடிவைச் சரிக்கட்ட மாறிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பதுதான் தவறு.

நான்காம் அத்தியாயத்தில் கண்டதை மட்டும் சொல்லுங்கள், அதன் பொருள் ஐந்தாவதில். டிபிஏ-வின் உயிர் ஐந்தாவதில்தான் இருக்கிறது: ஒரு கடை மேலாளர் திங்கட்கிழமை காலையில் எதை மாற்றலாம் என்று அங்கே எழுத முடிய வேண்டும். 'நிர்வாகம் ஊழியர் நலனில் அக்கறை காட்ட வேண்டும்' என்பது போன்ற பொது வாக்கியம் வேண்டாம்.

படி 9: டிஃபென்ஸ்

முடித்த ஆய்வேட்டைக் கமிட்டி முன்னால் விளக்கி, கேள்விகளுக்குப் பதில் சொல்வதுதான் டிஃபென்ஸ். உங்கள் ஆய்வை உங்களைவிட நன்றாக அறிந்தவர் அந்த அறையில் இருக்க மாட்டார். ஏன் இந்த மாதிரிக் குழு (சாம்பிள்), ஏன் இந்த அளவுகோல், இதன் வரம்பு என்ன ஆகிய கேள்விகளுக்கு மட்டும் தயாராக இருங்கள். 'திருத்தங்களோடு தேர்ச்சி' என்று வருவதுதான் வழக்கம். அப்படி வந்தால் ஒவ்வொரு திருத்தத்தையும் எந்தப் பக்கத்தில் செய்தீர்கள் என்று அட்டவணை போட்டுக் கைடுக்கு அனுப்புங்கள். அப்புறம் வடிவமைப்புச் சோதனை, பல இடங்களில் ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் புரோக்வெஸ்ட் தளத்தில் பதிவேற்றம். ஓரங்களும் பக்க எண்களும் சரியில்லை என்று இந்தக் கட்டத்தில்கூடத் திருப்பி அனுப்புவார்கள். ஆகவே பட்டமளிப்புக்கான கடைசித் தேதிக்குச் சில வாரம் முன்னதாகவே கோப்பைக் கொடுத்துவிடுங்கள்.