டயர் சென்சர் மாற்றப் போகிறீர்களா? பில்லை நாலாகப் பிரித்துக் கேளுங்கள்

டாஷ்போர்டில் குதிரை லாடம் மாதிரி ஒரு மஞ்சள் அடையாளம், அதன் நடுவில் ஆச்சரியக்குறி. டயரில் காற்றுக் குறைந்தால் எச்சரிக்கிற இந்த லைட்டைப் பற்றி என்னிடம் கேட்கிறவர்கள் கொஞ்ச நாளாகக் கூடிவிட்டார்கள். காரணம் இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். சொந்தப் பாவனைக் கார்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். கொழும்பில் ஓடுகிற கார்களில் பெரும்பகுதி அந்த நிறுத்தத்துக்கு முந்தியவை. சக்கரத்துக்குள் இருந்து காற்றழுத்தத்தை அளக்கும் சென்சரின் பற்றரியோ 5 முதல் 10 வருடம்வரைதான் தாங்கும். எல்லாருடையதும் வரிசையாகத் தீருகிற காலம் இது.

நான் மெக்கானிக் இல்லை, கணக்காய்வு பார்க்கிறவள். அலுவலக வாகனங்களின் ரிப்பேர் பில்கள் என் மேசையைத் தாண்டித்தான் போகும். 'டயர் சென்சர் – 4' என்று ஒரே வரி, அதற்கு நேரே ஒரு தொகை. அந்த ஒரு வரிக்குள் நாலு சங்கதி ஒளிந்திருக்கிறது: சென்சர் என்ற சாமான், அதைப் புரோகிராம் பண்ணும் கூலி, டயரைக் கழற்றிப் பூட்டும் கூலி, வீல் பலன்ஸ். நாலுக்கும் நாலு விலை. கடைசி இரண்டும் எந்த டயர் கடையிலும் தினமும் நடக்கிற வேலை. சென்சரைக் காரணம் காட்டி அவற்றின் விலையை ஏற்றுவதுதான் வழக்கமான விளையாட்டு. "பாஸ், சாமானையும் வேலையையும் வேற வேறயா எழுதித் தாங்க" என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள். அந்தக் கேள்விக்கே தொகை கொஞ்சம் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

ரூபாய்க் கணக்கு எதையும் இங்கே எழுதவில்லை. டொலர் ஏறி இறங்கும் ஊரில் இன்றைக்கு எழுதுகிற விலை அடுத்த மாதம் பொய்யாகிவிடும்.

முதலில், உங்கள் காரில் சென்சர் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம், இல்லாத சாமானுக்கு விலை சொல்கிறவர்களும் உண்டு. அமெரிக்காவில் 2008 மொடல் கார்களிலிருந்து இந்த எச்சரிக்கை லைட் கட்டாயம். ஐரோப்பாவில் 2014 நவம்பரிலிருந்து எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயம். கொரியாவிலும் சட்டம் உண்டு. ஜப்பானில் அப்படிக் கட்டாயமில்லை. அதனால் ரீகண்டிஷனாக வந்த விட்ஸ், அக்சியோ, வேகன் ஆர் வகையறாக்களில் பெரும்பாலும் சக்கரத்துக்குள் ஒன்றுமே இருக்காது. இன்னொரு வகையும் இருக்கிறது. ஃபோக்ஸ்வாகன், ஔடி கூட்டத்தின் பல மொடல்களில் லைட் எரியும், ஆனால் சக்கரத்துக்குள் சென்சர் கிடையாது. காற்றுக் குறைந்த சக்கரம் கொஞ்சம் வேகமாகச் சுற்றும் இல்லையா? அதைப் பிரேக்கோடு வரும் ஏபிஎஸ் சென்சரை வைத்தே கண்டுபிடிக்கிறார்கள். இந்த வகைக்குச் செய்ய வேண்டியது, நாலு சக்கரத்துக்கும் சரியாகக் காற்றடித்துவிட்டு மெனுவிலோ பட்டனிலோ ரீசெட் கொடுப்பதுதான். செலவு பூச்சியம்.

எப்படித் தெரிந்துகொள்வது? திரையில் ஒவ்வொரு சக்கரத்தின் அழுத்தமும் தனித்தனி இலக்கமாகக் காட்டினால் உள்ளே சென்சர் இருக்கிறது என்று பொதுவாக எடுத்துக்கொள்ளலாம். வால்வு உலோகத்தில், அடியில் நட்டோடு இருந்தாலும் சந்தேகப்படலாம். ஆனால் ரப்பர் வால்வோடும் சென்சர் வரும். ஆகவே கையேட்டைப் பார்ப்பதே உறுதி.

அடுத்தது, லைட் எப்படி எரிகிறது என்று பாருங்கள். கார் ஸ்டார்ட் ஆனவுடன் எரிந்து, அணையாமல் அப்படியே நின்றால் காற்றுக் குறைவு. பெட்ரோல் ஷெட்டுக்குப் போய்க் காற்றடியுங்கள், வேறு வேலை இல்லை. ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் மின்னி மின்னிப் பிறகு நிலையாக நின்றால்தான் சென்சர் பேசவில்லை என்று அர்த்தம். இந்த வித்தியாசத்தைத் தெரியாமல் நேரே கராஜுக்குப் போகிறவரிடம்தான் 'நாலையும் மாத்தணும் மேடம்' வரும்.

அவசரமும் வேண்டாம். வாகன வருமான அனுமதிப்பத்திரத்துக்கு இன்சூரன்ஸும் புகைப் பரிசோதனையும் கேட்பார்கள், டயர் லைட்டைக் கேட்க மாட்டார்கள். கையில் ஒரு நல்ல கேஜ் இருந்தால், காலையில் கார் எடுக்கும் முன் டயர் ஆறியிருக்கும்போது அளந்து, டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவோடு ஒப்பிட்டுக்கொண்டு சில மாதம் ஓட்டலாம். புது டயர் போடும் நாள் வரும்வரை பொறுத்திருங்கள். அன்றைக்கு எப்படியும் கழற்றிப் பூட்டவும் பலன்ஸுக்கும் காசு கொடுக்கத்தான் போகிறீர்கள், அந்தக் கூலிக்குள்ளேயே சென்சரும் போய்விடும். இந்த ஒன்றிலேயே பில்லின் நாலு சங்கதியில் இரண்டு மறைந்துவிடும்.

எந்தச் சக்கரம் செத்தது என்று ஸ்கேன் பண்ணாமல் யாரும் கார் ஜாக்கில் கை வைக்க விடாதீர்கள். ஓட்டெல், லோஞ்ச் போன்ற கம்பனிகளின் சிறிய கருவி ஒன்று இருக்கும். வால்வுக்குப் பக்கத்தில் டயர்மேல் பிடித்து அமுக்கினால் அது 125 கிலோஹேர்ட்ஸ் அலையை அனுப்பிச் சென்சரை எழுப்பும். விழித்த சென்சர் தன் அடையாள இலக்கம், அழுத்தம், வெப்பம் எல்லாம் சொல்லும். பற்றரி நிலையைச் சொல்கிறவையும் உண்டு. பதில் வராத சக்கரம்தான் உங்கள் சக்கரம். ஸ்பெயார் வீலையும் மறக்காதீர்கள். சில பெரிய டொயோட்டா ஜீப்களில் ஐந்தாவது சென்சர் அதற்குள் இருக்கும், அது செத்தாலும் அதே லைட்தான். என் அத்தானுடைய ஜீப்பில் நாலு சக்கரத்தையும் பார்த்துத் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்கள், குற்றவாளி பின்னால் அடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒன்றா, நாலா? டயர் கழற்றும்போது உடைந்திருந்தால் ஒன்று போதும். பற்றரி தீர்ந்து செத்திருந்தால் மற்ற மூன்றும் அதே வயதுதான், ஆகவே டயர் மாற்றும் நாளில் நாலையும் போடுவதே என் கணக்கில் மலிவு. பற்றரியை மட்டும் மாற்றித் தருகிறேன் என்கிறவரிடம் போகாதீர்கள். அது பிசினுக்குள் புதைத்து மூடப்பட்டிருக்கிறது. அதை வெட்டித் திறந்து ஒட்டிய சாமான் வெயிலில் சுடும் டயருக்குள் எவ்வளவு நாள் இருக்கும்?

இனி வாங்குவது. ஏஜண்டிடம் கம்பனி சென்சர் கிடைக்கும், விலை உச்சியில். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் மூன்று வகை கிடைக்கும்: கம்பனிப் பெட்டியில் இருப்பது, வெறுமையாக வந்து எந்தக் காருக்கும் புரோகிராம் பண்ணக்கூடியது, உடைத்த காரிலிருந்து கழற்றியது. கடைசியை எடுக்காதீர்கள். அதன் பற்றரிக்கும் உங்கள் பற்றரியின் வயதுதான். நடுவில் உள்ளதே நமக்குப் பொருத்தம். ஓட்டெல்லின் எம்எக்ஸ் சென்சர், ஷ்ரேடரின் ஈஸி சென்சர் போன்றவை இந்த வகை. வாங்கும் முன் பழையதன் உடம்பில் உள்ள அலைவரிசையைப் பாருங்கள்: 315 மெகாஹேர்ட்ஸ் அல்லது 433. அமெரிக்கக் கார்களில் 315ஐயும் ஐரோப்பியக் கார்களில் 433ஐயும் அதிகம் காணலாம். கார் ஒன்றில் கேட்க, சென்சர் மற்றதில் கத்தினால் எத்தனை தரம் புரோகிராம் பண்ணினாலும் வேலைக்காகாது. இரண்டிலும் பேசக்கூடியவையும் உண்டு. சந்தேகமென்றால் அதை எடுங்கள்.

புரோகிராம் என்ற சொல்லைக் கேட்டுப் பயப்படத் தேவையில்லை. அதற்குள் இரண்டு வேலை இருக்கிறது. முதலாவது, வெறும் சென்சருக்கு உங்கள் காரின் பாஷையையும் ஒரு இலக்கத்தையும் கொடுப்பது. இரண்டாவது, அந்த இலக்கத்தைக் காருக்கு அறிமுகப்படுத்துவது. இரண்டாவதை முழுக்கத் தவிர்க்க வழி உண்டு. பழைய சென்சரின் இலக்கத்தையே புதியதற்குக் கொப்பி பண்ணச் சொல்லுங்கள். கார் வித்தியாசம் உணராது. பழையது செத்திருந்தாலும் அதன் உடம்பில் இலக்கம் அச்சடித்திருந்தால் கருவியில் தட்டிக் கொடுக்கலாம். இலக்கத்தைத் தானாகப் பிடிக்காத பல டொயோட்டாக்களுக்கு இது பெரிய மிச்சம். இல்லாவிட்டால் காரின் கணினியோடு பேசும் ஓபிடி சொக்கட்டில் கருவியைச் செருகி எழுத வேண்டும், அதற்குத் தனிக் கூலி.

பல கொரியக் கார்கள் ஓடும்போது தாங்களாகவே புது இலக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல், நிற்காமல் கால் மணி நேரம், இருபது நிமிடம் ஓட்டிப் பாருங்கள். மாலை ஐந்து மணிக்குக் கொழும்பு–காலி வீதி நெரிசலில் அது நடக்காது. விடியற்காலை மரைன் டிரைவில் ஓடிப் பாருங்கள், அல்லது கொட்டாவையில் ஏறி ஹைவேயில் ஒரு சுற்று. பி.எம்.டபிள்யூ என்றால் மெனுவில் ரீசெட் கொடுத்துவிட்டு ஓட்ட வேண்டும். தானாகப் பிடிக்கும் காருக்கு 'ஈசியூ புரோகிராமிங்' (காரின் கணினியில் எழுதிய கூலி) என்று பில்லில் வரி வந்தால் அந்த வரியைப் பேனாவால் வட்டமிட்டுத் திருப்பிக் கொடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

பூட்டும் நேரம் பக்கத்தில் நில்லுங்கள். சென்சரைக் கருவியில் படித்துக் காட்டிய பிறகே டயருக்குள் போக வேண்டும். பூட்டிய பின் பேசாவிட்டால் கழற்றிப் பூட்டும் கூலியும் பலன்ஸும் மறுபடி உங்கள் தலையில். டயரின் விளிம்பை அமுக்கிப் பிரிக்கும் மெஷின் வால்விலிருந்து தள்ளியே அமுக்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சென்சர் உள்ளே இருப்பது தெரியாமல் உடைப்பது அதிகம். பஞ்சருக்கு ஊற்றும் பசைத் தண்ணீரை இனி தொடாதீர்கள், அழுத்தம் அளக்கும் துளையை அது அடைத்துவிடக்கூடும்.

வால்வு உலோகமென்றால் ஒவ்வொரு டயர் மாற்றத்திலும் வாஷர், நட், உள் ஊசி, மூடி அடங்கிய சிறிய கிட்டை மாற்ற வேண்டும். சென்சர் விலையில் அது சில்லறை. உள் ஊசி நிக்கல் பூசியதாக இருக்கட்டும். சாதாரண பித்தளை ஊசியை அலுமினிய வால்வில் போட்டால், வெள்ளவத்தைக் கடற்காற்றுக்கு இரண்டும் அரித்து ஒன்றாக இறுகிவிடும். அடுத்த தடவை ஊசியைக் கழற்றத் திருகும்போது வால்வே முறியலாம். மூடி பிளாஸ்டிக்கே போதும், மினுங்குகிற உலோக மூடி அதே வழியில் இறுகும்.

பில்லை வாங்கும்போது நாலு இலக்கத்தையும் எந்தச் சக்கரம் எது என்று அதன் பின்பக்கத்தில் எழுதச் சொல்லி, கையேட்டோடு வையுங்கள். அடுத்த தடவை ஒன்று செத்தால் டயரைக் கழற்றாமலே புதியதில் அந்த இலக்கத்தைத் தட்டி வாங்கிக்கொண்டு போகலாம்.