லினக்ஸில் திறந்த பைல் மறைகிறதா? மவுஸ் சக்கரத்தைப் பாருங்கள்

பாளையங்கோட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிக்கு எக்ஸ்எஃப்சிஇ என்ற டெஸ்க்டாப்போடு லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். "எப்பா, திறந்து வச்ச பில்லைக் காணோமே" என்று அடிக்கடி போன். டாஸ்க்பாரில் இல்லை, ஆல்ட்-டேப் அடித்தாலும் வரவில்லை. பில் அடிக்கும் லிப்ரெஆபிஸை மறுபடி இன்ஸ்டால் செய்தேன், ராம் மெமரியைச் சோதித்தேன், ஒன்றும் இல்லை. ஆனால் டெர்மினலில் பார்த்தால் புரோகிராம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அப்புறம் கடையில் உட்கார்ந்து அவர் கையையே கவனித்தபோதுதான் பிடிபட்டது: ஆட்களோடு பேசும்போது விரல் சும்மா மவுஸ் சக்கரத்தை உருட்டுகிறது, அம்பு வெறும் வால்பேப்பர் மேல் நின்றால் திரை அடுத்த வொர்க்ஸ்பேஸுக்கு மாறிவிடுகிறது. வொர்க்ஸ்பேஸ் என்றால் ஒரே மானிட்டருக்குள் இருக்கும் தனித்தனி திரைகள், அவர் கணினியில் நாலு. நாலுக்கும் ஒரே வால்பேப்பர், அதே ஐகான்கள், மாறியது யாருக்குத் தெரியும்! டாஸ்க்பாரும் ஆல்ட்-டேப்பும் நீங்கள் மாற்றாதவரை அந்தத் திரையில் உள்ளதை மட்டும்தான் காட்டும்.

விண்டோ மேனேஜர் ட்வீக்ஸில் வொர்க்ஸ்பேசஸ் பக்கத்துக்குப் போய் மவுஸ் சக்கரத்துக்கான டிக்கை எடுத்தேன், சரியாகிவிட்டது. பேனலில் வொர்க்ஸ்பேஸ் ஸ்விட்சரையும் சேர்த்தேன், எது எங்கே என்று குட்டிப் பெட்டிகளில் தெரியும். கண்ட்ரோல்-ஆல்ட்-வலது அம்பு விசை அடித்தால் அடுத்த திரை வரும் என்று சொல்லிக் கொடுத்ததிலிருந்து அண்ணாச்சிக்கு பில் ஒரு திரை, கல்யாணப் பத்திரிகை டிசைன் இன்னொரு திரை.