கட்டுமரத்தைப் பற்றி எழுதிக் கவிழாமல் இருக்க

சொற்களின் பிறப்பைத் தேடி எழுத ஆசைப்படும் இளைஞர்களின் கட்டுரைகளைத் திருத்திக் கொடுப்பது கொஞ்ச காலமாக என் வேலை. ஒரு வண்டியின் பெயரை எடுத்துக்கொண்டு எழுதுங்கள் என்றால் ஜீப், ரிக்‌ஷா என்று சிலர் போவார்கள். பாதிப் பேர் நேரே கட்டுமரத்துக்கு வந்துவிடுவார்கள். ஆசை நியாயம்தான். இரட்டை உடல் படகுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘கேட்டமரான்’ தமிழிலிருந்து போன சொல் என்று ஆங்கில அகராதிகளே ஒப்புக்கொள்கின்றன, இதில் வழக்கு கிடையாது. ஆனால் போன மாதம் வந்த நான்கு கட்டுரைகளில் மூன்றில், 2003-ல் நான் செய்த தவறு அச்சு மாறாமல் உட்கார்ந்திருந்தது. எழுத்துப் பிழை, ஆண்டுப் பிழையை எல்லாம் யாராவது திருத்திவிடுவார்கள். இங்கே சொல்லப்போவது அவற்றை அல்ல.

இரட்டைப் படகைக் கட்டுமரம் என்பது

குழந்தைகளுக்கான படகுப் புத்தகம் ஒன்றுக்கு அப்போது எழுதிக்கொண்டிருந்தேன். படம் வரைபவர், “கட்டுமரம் எப்படி சார் இருக்கும்?” என்று கேட்டார். சென்னையில் இருந்துகொண்டு அப்படிக் கேட்டவரை நான் கடற்கரைக்கு அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. ஆங்கிலக் கலைக்களஞ்சியத்தைப் புரட்டி, “ரெண்டு நீளமான உடல், நடுவுல மேடை, மேல பாய்” என்று சொல்லிவிட்டேன். அழகாக வரைந்து கொடுத்தார். 3,000 பிரதி அச்சாயிற்று.

முதல் பிரதியை எடுத்துக்கொண்டு கோவளம் குப்பத்துக்குப் போனேன். தெரிந்த பெரியவர் ஒருவர் அப்போதுதான் கரையேறியிருந்தார். படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“தம்பி, இது ரெண்டு போட்டு. இதுல கட்டு எங்க, மரம் எங்க?”

கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்தார். ஈரத்தில் விறைத்திருந்த கயிற்று முடிச்சைக் காலால் மிதித்து நெகிழ்த்தினார். முன் பக்கக் கட்டு, பின் பக்கக் கட்டு, இரண்டும் அவிழ்ந்ததும் அதுவரை படகாக இருந்தது வெறும் கட்டைகளாக மணலில் பிரிந்து கிடந்தது. முனை மேல்நோக்கி வளையும்படி செதுக்கிய நீளக் கட்டைகள். அவரும் மகனும் ஒவ்வொன்றாகத் தோளில் ஏற்றி மேட்டு மணலில் கொண்டுபோய்ப் போட்டார்கள். “காயலைன்னா தண்ணி குடிச்சிக்கும். நாளைக்கு முங்கிக்கினே போவும்” என்றார். மறுநாள் விடியும் முன் திரும்பக் கட்ட வேண்டும். அதுதான் கட்டுமரம்.

அதற்கு உடல் என்றே ஒன்று கிடையாது. கட்டைகளின் இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே வரும், வந்த வழியே போய்விடும். இறைத்துக் கொட்ட வேண்டியதில்லை, ஓட்டை விழுந்து மூழ்கும் பயமும் இல்லை. சோழமண்டலக் கரையில் அலை உடையும் இடத்தைத் தாண்டிப் போக இதைவிடத் தோதான ஒன்று இருந்ததில்லை. சென்னைக்குத் துறைமுகம் வராத காலத்தில், நடுக்கடலில் நின்ற கப்பல்களுக்கும் கரைக்கும் இடையே கடிதம் சுமந்தவர்கள் கட்டுமரக்காரர்கள்தான். தலையில் ஓலைத் தொப்பி, அதற்குள் நனையாமல் கடிதம்.

புத்தகத்துக்கு வருவோம். ‘படத்தில் இருப்பது இரட்டைப் படகு, கட்டுமரம் அல்ல’ என்று சின்னத் துண்டுச் சீட்டு அடித்து, மூன்று பேர் இரண்டு இரவு உட்கார்ந்து 3,000 பிரதியிலும் ஒட்டினோம். சீட்டுச் செலவை என் ஊதியத்தில் பிடித்துக்கொண்டார்கள். இன்றைக்கும் மைதாப் பசையின் வாசனை வந்தால் எனக்கு அந்தப் பெரியவர் முகம்தான் ஞாபகம் வரும்.

எனக்கு எரிச்சல் அந்தப் பணத்தால் அல்ல. விடை சொல்லுக்குள்ளேயே இருந்தது. கட்டிய மரம், கட்டுகின்ற மரம், கட்டும் மரம்: மூன்று காலத்தையும் ஒளித்து வைத்திருக்கும் வினைத்தொகை. நேற்றுக் கட்டினார், இன்று கட்டுகிறார், நாளையும் கட்டுவார். பள்ளிக்கூடத்தில் ‘ஊறுகாய், சுடுசோறு’ என்று ஒப்பித்த எனக்கு இது உறைக்காமல் போனது எப்படி என்று இன்னும் புரியவில்லை.

சரி, தமிழ்ப் பெயர் இரட்டைப் படகில் போய் ஒட்டியது எப்படி? இங்கேதான் இளைஞர்கள் ஒரே தாவாகத் தாவுகிறார்கள். நடுவில் ஏறக்குறைய நூற்றெண்பது ஆண்டு இருக்கிறது. வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி 1697-ல் வெளியிட்ட பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைச் சொல்கிறார். ஒரு கட்டையோ இரண்டு கட்டையோ, ஏறியிருப்பவனின் காலும் பின்புறமும் எப்போதும் தண்ணீரில் என்று எழுதுகிறார். நம் பெரியவர் படித்திருந்தால் தலையாட்டியிருப்பார். அதன் பிறகு ஆங்கிலேயர்கள் அந்தச் சொல்லைக் கண்டதற்கெல்லாம் வைத்தார்கள். 1804-ல் பூலோன் துறைமுகத்தில் நின்ற பிரெஞ்சுக் கப்பல்கள் மேல் வெடிமருந்து அடைத்த மிதவைப் பெட்டிகளை ஏவினார்கள். அவற்றுக்கும் கேட்டமரான் என்றுதான் பெயர். சேர்த்துக் கட்டியது, மிதப்பது, அவ்வளவு ஒற்றுமை போதுமாயிருந்தது. இலங்கையில் பக்கமிதவை வைத்த ஓடமும் அந்தக் கணக்கில் சேர்ந்தது. 1876-ல் நதானியல் ஹெர்ரெஷாஃப் என்ற அமெரிக்கர் ‘அமரில்லிஸ்’ என்னும் இரட்டை உடல் பாய்மரப் படகைக் கட்டி, நியூயார்க் போட்டியில் எல்லாரையும் பின்னுக்குத் தள்ளினார். அடுத்த ஆண்டே அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். இன்று உலகம் கேட்டமரான் என்றால் நினைப்பது அந்த வகையைத்தான். டாஸ்மேனியாவின் ஹோபார்ட்டில் கார்களை ஏற்றிப் போகும் அலுமினியக் கப்பல்கள் கட்டுகிறார்களே, அவையும் கேட்டமரான்தான். கயிறும் இல்லை, மரமும் இல்லை.

இரண்டு உடலை இணைத்துப் பெருங்கடல் தாண்டும் கலை பசிபிக் தீவுக்காரர்களுடையது. டோங்காவின் ‘கலியா’ அப்படிப்பட்ட படகு. ஆகவே ‘இரட்டைப் படகு தமிழன் கண்டுபிடிப்பு’ என்று எழுதினால், பெயர் நம்முடையது என்ற ஒரே காரணத்துக்காக அடுத்தவர் பொருளை எடுத்துக்கொள்கிறோம். மேடையில் கைதட்டல் விழும். விஷயம் தெரிந்தவர் ஒருவர் கூட்டத்தில் இருந்தாலும் மானம் போகும்.

இரண்டு படகைச் சேர்த்து மேலே பலகை போடுவதற்குத் தமிழில் சொல் இல்லையா என்றால், இருக்கிறது. சங்காடம். ஆற்றில் ஆளையும் மாட்டையும் அக்கரை சேர்க்கும் சாதனம். மலையாளத்தில் சங்ஙாடம் என்பார்கள். முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க மாலுமிக் கையேடான பெரிப்ளூஸ், நம் கரையில் தனி மரங்களைச் சேர்த்துக் கட்டிய பெரிய கலங்களைச் ‘சங்கரா’ என்று குறிக்கிறது. அறிஞர்கள் அதைச் சங்காடத்தோடு சேர்த்துப் பார்ப்பதுண்டு. பெருமை பேசியே ஆக வேண்டுமென்றால் அந்தப் பக்கம் போய்த் தோண்டலாம். ஒருவரும் போவதில்லை.

சோழர் படையைக் கட்டுமரத்தில் ஏற்றுவது

‘ஐந்தாம் நூற்றாண்டிலேயே சோழர்கள் கட்டுமரத்தில் போய் பர்மாவையும் இந்தோனேசியாவையும் வென்றார்கள்’ என்று ஒரு வரி சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஐந்தாம் நூற்றாண்டில் சோழர்கள் அந்த நிலையில் இல்லை. ராஜேந்திரனின் கடாரப் படையெடுப்பு 1025-ஐ ஒட்டியது. அவன் மெய்க்கீர்த்தியும் ‘பலகலஞ் செலுத்தி’ என்கிறதே தவிர, கட்டுமரம் என்று சொல்லவில்லை. இடுப்புக்குக் கீழே நனைந்தபடி ஒரு படை வங்கக் கடலைத் தாண்டுவதை நினைத்துப் பாருங்கள். அரிசி மூட்டையை எங்கே வைப்பது?

மிதப்பதெல்லாம் ஒன்று என்று நினைப்பது

நாவாய், வங்கம், கலம், திமில், தோணி, ஓடம், வள்ளம், புணை, தெப்பம். எல்லா இடத்திலும் ஒன்றுக்கு ஒன்று மாற்றுச் சொல் அல்ல.

‘கேட்’ என்றால் பூனை

இல்லை. ஆங்கிலத்தில் கேட்டமரான் என்ற பெயரை வெட்டிக் குறுக்கியதில் மிஞ்சிய எழுத்துகள்.

‘மாரன்’ என்றால் உடல் என்பது

மூன்று உடல் படகுக்கு ‘டிரைமரான்’ என்று பெயர் வைத்தவர் உக்ரைனில் பிறந்து அமெரிக்காவில் படகு கட்டிய விக்டர் செட்செட். கேட்டமரானின் வாலை நறுக்கி, முன்னால் மூன்று என்பதைச் சேர்த்தார். நறுக்கிய வால் நம் ‘மரம்’. ஒரு பையன் இதைத் திருப்பிப் போட்டு, ‘பழந்தமிழில் மாரன் என்றால் கப்பல் உடல்’ என்று எழுதிக் கொண்டுவந்தான். “எந்தப் பாட்டுல இருக்குப்பா?” என்றேன். “இன்டர்நெட்ல இருந்துச்சு சார்” என்றான். தமிழில் மாரன் மன்மதன்.

ஃபைபரைப் பார்த்துத் திருத்தக் கிளம்புவது

போன வருஷம் அதே கோவளத்துக்குப் போயிருந்தேன். சுனாமிக்குப் பிறகு கரை முழுக்க ஃபைபர் படகு. நடுவே கட்டுமரம் மாதிரியே வார்த்த ஒன்று கிடந்தது. கட்டைகளுக்கு இடையில் இருக்கும் பள்ளத்தைக்கூட அச்சில் போட்டிருந்தார்கள். அவிழ்க்க முடிச்சில்லை, காயவைக்க மரமில்லை. பெரியவரின் மகன் அதன் மேல் உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்தார்.

“இது என்னண்ணே?” என்று கேட்டேன்.

என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “கட்டுமரம்தான். வேற என்னா?”

நான் ஒன்றும் சொல்லவில்லை.